யாருடைய பெயரில்?

சென்ற பெருநாள் விடுமுறையில் என்னிடம் படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். பையன் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறவன். பிளேன்ரீ குடித்துக்கொண்டே தன் அலுவலகத்தைப் பற்றிச் சொன்னான். கழுத்துப் பட்டியில் தொங்கும் அட்டையைக் கணினியின் பக்கத்திலுள்ள ஒரு சிறு பெட்டியில் வைத்து, சில இலக்கங்களை அழுத்தினால்தான் திரை திறக்குமாம். அட்டையை எடுத்தால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளுமாம். அதே அட்டைதான் சாப்பாட்டறைக் கதவையும் திறப்பதால் கணினியிலேயே அதை விட்டுவிட்டு எழுந்து போகவும் முடியாது. வீட்டிலிருந்து வேலை செய்வதென்றால் நிறுவனம் கொடுத்த மடிக்கணினியும் முன்பே பதிவு செய்யப்பட்ட அவனுடைய கைபேசியும் இரண்டும் வேண்டும். வேறு எந்தக் கணினியில் எவ்வளவு சரியான கடவுச்சொல்லைத் தட்டினாலும் கதவு திறக்காது.

இதையெல்லாம் பெருமையாகச் சொல்கிறான் என்றே முதலில் நினைத்தேன். பிறகுதான் குரல் மாறியது.

"ஒரு நாள் கார்ட வீட்டுல விட்டுட்டுப் போயிட்டன் சேர். வாசல்ல நிக்கிற நானாவுக்கு என்ட வாப்பாட பேரும் தெரியும், மூத்த மகள் எந்த ஸ்கூல் எண்டும் தெரியும். ஒரு மணித்தியாலம் வெளிய கதிரையில இருத்தி வெச்சிட்டாரு. ஏழு வருஷம் சேர். என்னைய நம்புறல்ல, கார்டத்தான் நம்புற."

வாத்தியார்மாருக்கே உரிய அவசரத்தோடு நான் உடனே ஒரு பதில் சொன்னேன். "அது உன்னை அவமதிக்கிறதல்ல மகன், உன்னைப் பாதுகாக்கிற" என்றேன். அவன் மரியாதைக்காகத் தலையாட்டினான். அவன் போன பிறகு என் பதில் எனக்கே போதவில்லை. அதற்கு எனக்கென்று ஒரு காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கடவுச்சொல்லின் கதையிலிருந்து தொடங்கலாம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரே கணினியைப் பலர் தனித்தனி முனைகளிலிருந்து பயன்படுத்தும் முறை ஒன்றை பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரின் குழு உருவாக்கியது. இயந்திரம் ஒன்று, ஆட்கள் பலர், ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புகள். எனவே ஒவ்வொருவருக்கும் ஓர் இரகசியச் சொல். இன்று நாம் எல்லோரும் தட்டிக்கொண்டிருக்கும் கடவுச்சொல்லின் மூதாதை அதுதான். அது பிறந்த கையோடு களவும் பிறந்தது. 1962 இல் அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்த அலன் ஷேர் என்பவருக்குத் தரப்பட்ட கணினி நேரம் போதவில்லை. அவர் கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சிடும்படி இயந்திரத்துக்குக் கட்டளை கொடுத்தார். இயந்திரமும் பணிவோடு அச்சிட்டுக் கொடுத்தது. அதைச் செய்தவர் தானே என்று அவர் ஒப்புக்கொண்டது பல வருடங்களுக்குப் பிறகு. 1966 இல் இன்னொரு விபத்து: இரண்டு கோப்புகள் இடம் மாறிப் போனதில், உள்ளே வரும் எல்லோருக்கும் அன்றைய அறிவித்தலுக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் முனையில் அச்சாகி வந்தன. கோர்பட்டோ 2019 இல் காலமானார். அதற்குச் சில வருடங்களுக்கு முன் கொடுத்த செவ்வியொன்றில், இணைய உலகில் கடவுச்சொல் ஒரு கெட்ட கனவாகிவிட்டது என்று அவரே சலித்துக்கொண்டார். தன் பிள்ளையைப் பற்றி ஒரு தகப்பன் அப்படிச் சொல்வது சிறிய விஷயமல்ல.

கடவுச்சொல்லின் குறை என்னவென்றால், அது ஓர் இரகசியம் மட்டுந்தான். இரகசியத்தைக் கொடுத்தாலும் கொடுத்தவரிடமும் அது இருக்கும். திறப்பைக் கொடுத்தால் என் கை வெறுங்கை. சொல்லைக் கொடுத்தால் இருவர் கையிலும் சொல் இருக்கிறது. களவு போனாலும் போனது தெரியாது. இதனால்தான் பாதுகாப்புத் துறையினர் ஒருவரை அடையாளம் காண மூன்று வழிகளைச் சொல்வார்கள்: அவருக்குத் தெரிந்தது, அவரிடம் இருப்பது, அவரே ஆனது. கடவுச்சொல் முதலாவது. அட்டையும் பதிவு செய்த கைபேசியும் இரண்டாவது. விரல் ரேகை மூன்றாவது. மூன்றில் இரண்டையாவது சேர்த்துக் கேட்டால் களவெடுப்பவன் பாடு கடினம். (விரல் ரேகையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் வயல் வேலையும் சீமெந்து வேலையும் செய்து தேய்ந்த விரல்களை அந்த இயந்திரங்கள் இலகுவில் அடையாளம் காண்பதில்லை. உழைத்த கைக்கு இயந்திரம் கொடுக்கும் மரியாதை அவ்வளவுதான்.)

நல்ல அட்டைக்குள் ஒரு சிறிய சில்லு இருக்கிறது. அதனுள் ஓர் இரகசிய இலக்கம். அந்த இலக்கம் ஒருபோதும் அட்டையை விட்டு வெளியே வராது. அந்தப் பக்கத்திலுள்ள கணினி ஒவ்வொரு முறையும் புதிய ஒரு புதிரை அனுப்பும். அட்டை தன் இரகசியத்தைக் காட்டாமலே அதைக் கொண்டு விடையை உண்டாக்கி அனுப்பும். விடை சரியா என்று பார்க்க எல்லோருக்கும் தெரியக்கூடிய இன்னோர் இலக்கம் போதும். 1976 இல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் வெளியிட்ட கருத்திலிருந்து கிளைத்த கணிதம் இது. நேற்றைய விடையை ஒருவன் ஒட்டுக்கேட்டாலும் இன்றைய புதிருக்கு அது உதவாது. நம்பகமான சாதனம் என்று பெயர் சூட்டப்பட்ட கைபேசிக்குள்ளும் மடிக்கணினிக்குள்ளும் நடப்பது பெரும்பாலும் இதுவே. இந்த வகையில் அமைந்த புதிய பாதுகாப்புச் சாவிகள், விடையைக் கேட்கும் தளத்தின் முகவரியையும் சேர்த்தே பார்க்கும். போலித்தளம் மனிதனை ஏமாற்றலாம், சாவியை ஏமாற்ற முடியாது. கூகுள் நிறுவனம் 2017 இலிருந்து தன் 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு இப்படியான சாவியைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு வேலைக் கணக்கொன்றும் போலித்தள மோசடியில் பறிபோகவில்லை என்று 2018 இல் அறிவித்தது.

ஆகவே அட்டை வேலை செய்கிறது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் மாணவன் கேட்டது வேறு. நம்பிக்கை என்ற சொல்லை ஓர் அட்டைக்குக் கொடுத்துவிட்டால் மனிதனுக்கு மிஞ்சுவது என்ன என்று அவன் கேட்டான்.

இந்தச் சொல்லைப் பற்றி கேம்பிரிட்ஜ் பேராசிரியராயிருந்த ரோஸ் அண்டர்சன், 2001 இல் முதற்பதிப்பு வந்த தமது பாதுகாப்புப் பொறியியல் நூலில் ஒரு வேறுபாட்டை எடுத்துக்காட்டுகிறார். நம்பப்படும் பொருள் என்பது கெட்டுப்போனால் நம் பாதுகாப்பை உடைத்துவிடக்கூடிய பொருள். நம்பத்தகுந்த பொருள் என்பது கெட்டுப்போகாத பொருள். இரண்டும் ஒன்றல்ல. முதன்முறை இதை வாசித்தபோது சிரித்துவிட்டேன். பொறியியலாளரின் அகராதியில் 'நான் உன்னை நம்புகிறேன்' என்பதற்கு 'நீ என்னைக் கெடுக்கலாம்' என்று பொருள். யோசித்துப் பார்த்தால் வீட்டிலும் அப்படித்தான். நியூசிலாந்துத் தத்துவவாதி அனெட் பையர் 1986 இல் எழுதிய கட்டுரையொன்றில் நம்பிக்கையை ஏறக்குறைய இப்படித்தான் விளக்குகிறார்: பிறர் நமக்குத் தீங்கு செய்யக்கூடிய இடத்தில் நம்மை வைத்துவிட்டு, செய்யமாட்டார் என்று இருப்பது. எங்கள் பக்கத்தில் ஒரு பொருளை அமானிதமாக ஒப்படைப்பதென்றால் அதுதானே. ஒப்படைத்தவன் கைவிட்டுவிட்டான், இனி எல்லாம் ஏற்றவனின் கழுத்தில்.

ஏற்றவனின் கழுத்தில் என்ற இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். கடவுச்சொல்லைப் பகிர்வதை நாம் கொடுப்பவன் பக்கமிருந்தே பார்த்துப் பழகிவிட்டோம். கொடுத்தான், தாராளமானவன், நம்புகிறான் என்று. வாங்கியவனுக்கு என்ன நடக்கிறது?

இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் 2000களில் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் சில்லு பொருத்திய அட்டைகள் கொடுக்கப்பட்டன. நோயாளியின் பதிவை யார் திறந்தார், யார் எழுதினார் என்பது அட்டையின் பெயரில் பதிவாகும். நல்ல ஏற்பாடு. ஆனால் 2007 இன் தொடக்கத்தில் ஒரு செய்தி வந்தது. அங்குள்ள ஒரு வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில், அட்டையைச் செருகி உள்ளே நுழைய ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை எடுக்கிறதாம். எனவே ஒருவருடைய அட்டையை வேலைமுறையின் ஆரம்பத்தில் செருகி வைத்துவிட்டு மற்றவர்களும் அதிலேயே வேலை செய்ய வைத்தியசாலை நிர்வாகமே இணங்கியதாம்.

இதைக் குற்றமென்று எழுதிவிட்டுப் போவது இலகு. அவசரப் பிரிவில் ஒன்றரை நிமிடம் என்றால் என்ன என்பது அங்கே ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவருக்குத்தான் தெரியும். ஒரு வைத்தியர் ஒரு வேலைமுறையில் இருபது தடவை கணினிக்குப் போனால், அரை மணித்தியாலம் மணற்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அட்டையைப் பகிர்ந்தவர்கள் சோம்பேறிகளல்ல, நோயாளியைப் பார்க்க அவசரப்பட்டவர்கள். சட்டத்தை உடைத்தது அவர்களுடைய நல்ல குணம். இதை ஒப்புக்கொள்ளாமல் அட்டையின் பக்கம் பேசுகிறவரின் பேச்சில் எனக்கு நம்பிக்கையில்லை. மனிதர் நல்லவராக இருக்க முயலும்போதெல்லாம் முட்டுக்கட்டை போடுகிற பூட்டு, பூட்டுச் செய்தவனின் தவறு.

ஆயினும் அன்றிரவு அந்தக் கணினியில் எழுதப்பட்ட எல்லாம் ஒரே பெயரில் இருக்கின்றன. மருந்தின் அளவில் ஒரு பிழை நேர்ந்திருந்தால்? அட்டைக்குரியவர் 'நானல்ல' என்று சொன்னால் யாரும் நம்பத் தேவையில்லை. எழுதியவர் 'நான்தான்' என்று சொன்னாலும் நிரூபிக்க வழியில்லை. சொல்லாமல் இருப்பவருக்கோ எந்தத் தொந்தரவும் இல்லை. உண்மை பேசுகிறவனுக்கும் மௌனமாயிருப்பவனுக்கும் நடுவில் பதிவேடு வித்தியாசம் காட்டாத ஓர் அறை அது. அப்படியான ஓர் அறைக்குள் நான் இருந்திருக்கிறேன்.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பங்களைப் பாடசாலைகள் இணையவழியில் அனுப்பத் தொடங்கிய பின் நடந்தது. நான் அப்போது கற்பித்த பாடசாலைக்கு ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். அது அதிபருக்குரியது. ஆனால் உப அதிபருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அலுவலகத்தில் இணைக்கப்பட்டிருந்த அபிவிருத்தி உத்தியோகத்தர் தங்கச்சிக்கும் தெரியும். மேசை லாச்சிக்குள் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி ஒட்டியும் இருந்தது. எங்களுக்குள் இதில் ஒரு பெருமை இருந்தது என்றுகூடச் சொல்லலாம். எங்கள் பாடசாலையில் ஒருவரையொருவர் நம்புகிறோம், ஒளிப்பு மறைப்பு இல்லை என்று.

முடிவுத் திகதிக்கு முதல் நாள் இணைப்பு ஆமை வேகம். மாறி மாறி இருந்து பிள்ளைகளின் விபரங்களை ஏற்றினோம். அந்தத் தங்கச்சி அதிகம் ஏற்றினா, உப அதிபர் கொஞ்சம், அவர்கள் தொழுகைக்கும் தேநீருக்கும் எழுந்த நேரங்களில் நான். இரவு ஒன்பது மணிக்கு முடித்து, நிம்மதியாக வீடு போனோம்.

அனுமதி அட்டைகள் வந்தபோது, மனைப்பொருளியல் படித்த ஒரு மாணவிக்கு விவசாயம் என்று இருந்தது. தகப்பன் கடலுக்குப் போகிறவர். அன்று போகாமல் பாடசாலைக்கு வந்து அதிபரின் அறை வாசலில் நின்றார். சத்தம் போடவில்லை. 'பிள்ள ரெண்டு நாளா சாப்பிடல்ல சேர்' என்று மட்டும் சொன்னார். அதிபர் கொழும்புக்குப் போய்ப் பரீட்சைத் திணைக்களத்தில் திருத்திக்கொண்டு வந்தார். பிள்ளை பரீட்சை எழுதியது. அந்தப் பக்கம் எல்லாம் சரியாக முடிந்தது.

இந்தப் பக்கம் முடியவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் யார் செய்த பிழை என்ற கேள்வி வந்தது. கணினியில் இருந்தது பாடசாலையின் பெயர், அதாவது எல்லோருடைய பெயரும். எவருடைய பெயருமல்ல. எங்கிருந்தோ ஒரு குரல், "கொம்பியூட்டர் வேல அந்தப் புள்ளதானே செய்யிற" என்றது. அவ ஒன்றும் பேசவில்லை, என்னைப் பார்த்தா. ஏனென்றால் அன்றிரவு அவ எழுந்து போன நேரத்தில் அதே கதிரையில் இருந்தவன் நான். அந்த மாணவியின் பெயரை ஏற்றியது நானா அவவா என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. பட்டியலில் கை ஒரு வரி தவறினால் அவ்வளவுதான். நான் எழுந்து, "பரவாயில்ல, மனிசருக்குப் பிழ வாறதான். இனிக் கவனமா இருப்பம்" என்றேன்.

கூட்டம் அதை நல்ல வார்த்தையாக எடுத்துக்கொண்டது. பெருந்தன்மையான மனிதர் என்று ஒரு சக ஆசிரியர் பிறகு என்னிடமே சொன்னார். ஆனால் அந்த வார்த்தை செய்த வேலை வேறு. மன்னிப்பவனின் கதிரையில் நான் உட்கார்ந்துவிட்டேன். அப்போது எதிரில் மன்னிக்கப்பட வேண்டியவராக ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அந்த இடத்தில் ஏற்கனவே ஒருத்தி நின்றுகொண்டிருந்தா. வருடக் கடைசியில் இடமாற்றம் கேட்டு வேறு அலுவலகத்துக்குப் போய்விட்டா.

அன்று எங்கள் நான்கு பேருக்கும் தனித்தனி அட்டை இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கேள்வி முடிந்திருக்கும். பிழை அவவுடையதென்றால் அவவுடையது, என்னுடையதென்றால் என்னுடையது. யார் மீதும் நிழல் விழுந்திருக்காது. எங்களுடைய 'நம்பிக்கை' அவவுக்குக் கொடுத்தது சந்தேகத்தைத்தான். என்னுடைய கடவுச்சொல்லை உனக்குத் தருகிறேன் என்பதன் மறுபக்கம், இனி என் பிழைகளும் உன்னுடையவையாக இருக்கலாம் என்பது. அதிலும் பதவியில் பெரியவன் சிறியவருக்குக் கொடுக்கும்போது அது கொடையே அல்ல. சுமை. சிறியவர் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

என் மாணவனுக்கு நான் சொன்ன பதில், 'உன்னைப் பாதுகாக்கிற' என்பது, இந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான். அதுவே முழுப்பதில் என்று நிறுத்தியிருப்பேன். இங்கிலாந்தின் உப தபாலதிபர்களின் கதையை அறியாதிருந்தால்.

அங்கும் எங்கள் ஊர்களைப் போல உப தபாலகங்கள் உண்டு. ஊரிலே கடை வைத்திருக்கும் ஒருவரே தபாலதிபராகவும் இருப்பார். 1999 இலிருந்து அவர்களுடைய கணக்குகளை ஹொரைஸன் என்ற கணினி முறைக்கு மாற்றினார்கள். ஃபுஜிட்சு நிறுவனம் நடத்திய முறை. அதன் பின் பலருடைய பெட்டியில் பணம் குறைவதாகக் கணினி காட்டியது. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் களவு, பொய்க்கணக்கு என்று குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். சிலர் சிறை சென்றனர், சிலர் வீடு வாசலை விற்றுக் கட்டினர், தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. பிழை கணினி முறையில் இருந்தது. அதுமட்டுமல்ல, நிறுவனத்தின் ஊழியர்கள் தூரத்திலிருந்தே தபாலகத்தின் கணக்குக்குள் நுழைந்து மாற்றங்கள் செய்ய முடிந்தது. தபாலதிபருக்குத் தெரியாமலே. அப்படி முடியாது என்று தபால் நிறுவனம் வருடக்கணக்கில் மறுத்து வந்தது. 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு இவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனை ஒரே நாளில் இரத்தானது. 2024 இல் மிகுதிப் பேருக்காக நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

அந்தத் தபாலதிபர்கள் ஒவ்வொருவருக்கும் தம் பெயரில் கணக்கு இருந்தது. பதிவேடு தெளிவாகப் பெயர் சொன்னது. பெயர் சொன்ன பதிவேடு பொய் சொன்னது. அட்டை நமக்குச் சொல்வது 'இந்த அட்டை இந்த நேரத்தில் இங்கிருந்தது' என்பதை மட்டுந்தான். 'இந்த மனிதன் இதைச் செய்தான்' என்பது நாம் சேர்த்துக்கொள்வது. இந்த இடைவெளியை மறந்தால், எங்கள் கூட்டத்தில் ஒரு குரல் செய்த வேலையை இன்னும் அழகாக ஒரு கணினி செய்து தரும்.

அப்படியானால் அட்டை வேண்டாமா? அப்படிச் சொல்ல என்னால் முடியாது. 2016 பெப்ரவரி 4 ஆந் திகதி வியாழன் இரவு, வங்காளதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்திருந்தவர்கள், அங்குள்ள அலுவலர்களின் நுழைவு விபரங்களைக் கொண்டு நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க மத்திய ஒதுக்கு வங்கிக்கு 35 கட்டளைகளை அனுப்பினார்கள். கேட்ட தொகை ஏறத்தாழ 951 மில்லியன் டொலர். மறுநாள் வெள்ளி, அங்கே விடுமுறை. அனுப்பிய கட்டளைகளை அச்சிட்டுக் காட்ட வேண்டிய அச்சுப்பொறியும் வேலை செய்யவில்லை. 81 மில்லியன் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தது. அதில் பெரும்பகுதி திரும்பவில்லை. 20 மில்லியன் வந்தது நமது இலங்கைக்கு, இங்குள்ள ஒரு நிறுவனத்தின் பெயருக்கு. அந்தப் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்று வர வேண்டிய ஆங்கிலச் சொல் எழுத்துப் பிழையோடு 'ஃபண்டேஷன்' என்று இருந்ததாம். இடையில் நின்ற ஒரு ஜேர்மன் வங்கியில் யாரோ அதைக் கண்டு விளக்கம் கேட்டதால் அந்தப் பணம் தப்பியது என்று ரொய்ட்டர்ஸ் எழுதியது.

வருடக்கணக்காகச் சிவப்பு மையால் எழுத்துப் பிழைகளைச் சுழித்துக்கொண்டிருப்பவன் நான். இந்தச் செய்தியை எத்தனை தடவை வகுப்பில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆனால் இப்போது அதில் வேறொன்றைப் பார்க்கிறேன். முறையான பெயர், முறையான சொல், முறையான வழி. இயந்திரங்கள் எல்லாம் திருப்தியடைந்துவிட்டன. ஒரு மனிதருக்கு மட்டும் ஏதோ இடறியது. அவர் அட்டையைச் சோதிக்கவில்லை, வாசித்தார்.

வாசலில் நிற்கும் நானா என் மாணவனை வெளியே இருத்தியது சரிதான் என்றே இன்னும் நினைக்கிறேன். அவர் உள்ளே விட்டிருந்தால், நாளைக்கு ஏதாவது நடந்தபோது அவருடைய வேலைதான் போகும், அவனுடையதல்ல. ஆனால் ஒரு மணித்தியாலம் இருத்தியிருக்கத் தேவையில்லை. தற்காலிக அட்டையொன்றைப் பத்து நிமிடத்தில் கொடுக்கும் ஏற்பாட்டை அந்த அலுவலகம் செய்து வைத்திருக்கலாம். 2002 இல் பி.பி.சி. வானொலியில் நிகழ்த்திய உரைகளில் ஒனோரா ஓ நீல் என்ற தத்துவவாதி, கண்காணிப்பும் கணக்குக் கேட்டலும் பெருகப் பெருக நம்பிக்கை வளரும் என்ற எண்ணத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். நம்பிக்கை குறைந்துவிட்டதே என்று புலம்புவதை விட, நம்பத்தகுந்தவராக இருப்பது எப்படி என்று கேட்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. அட்டை என்னை நம்பத்தகுந்தவனாக்காது. நான் தட்டியதை நான் தட்டினேன் என்று எழுதி வைக்கும், அவ்வளவுதான். அது எழுதாத இடங்களில் சொல்ல வேண்டியவன் நான்.

இப்போது நான் இருக்கும் பாடசாலையில் கணினிக்குப் பக்கத்தில் ஒரு எண்பது பக்கக் கொப்பி கிடக்கிறது. யார் இருந்தார், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தெந்தப் பிள்ளைகளின் விபரத்தை ஏற்றினார் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். அட்டையும் இல்லை, சில்லும் இல்லை. புதிதாக வந்த இளம் ஆசிரியர் ஒருவர், "எங்களில நம்பிக்கை இல்லையா சேர்?" என்று கேட்டார். கூட்டத்தில் நான் சொன்ன வார்த்தையின் கதையை அவரிடம் சொல்லத் துணிவு வரவில்லை. "முதல் பக்கத்தப் பாருங்க" என்றேன். முதல் மூன்று நாட்களும் என் கையெழுத்துத்தான்.

என் மாணவன் வந்து போன அடுத்த கிழமை, அந்தத் தங்கச்சியின் இலக்கத்தைத் தேடி எடுத்துக் கதைத்தேன். சலாம் சொல்லி, சுகம் விசாரித்து, பிறகு விஷயத்துக்கு வந்தேன். அன்று அந்தப் பிள்ளையின் பெயரை ஏற்றியது நானாகவும் இருக்கலாம், கூட்டத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் ஒரு குழந்தை அழுவது கேட்டது.

"எனக்குத் தெரியும் சேர்" என்றா. "நான் எழும்பிப் போகக்குள்ள அந்தப் புள்ளட ஃபோம்தான் மேல கிடந்த."

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சேர்ட பேர நான் எப்படிச் சொல்ற?" என்றா. பிறகு, குழந்தை அழுவதாகச் சொல்லி, பிறகு எடுப்பதாகச் சொல்லி வைத்துவிட்டா.